வேர்க்கடலை ஆகாத பிள்ளையோடு எங்கே சாப்பிடலாம்? ஐந்து வகைச் சமையலறைகள், ஓர் ஒப்பீடு

பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் ஒரே கேள்வி வேறு வேறு வடிவில் என்னிடம் வந்து சேர்கிறது. பிள்ளைக்கு வேர்க்கடலை ஆகாது, மூன்று நாள் கும்பகோணம் பக்கம் போகிறோம், எந்த ஹோட்டலில் நம்பிச் சாப்பிடலாம்? கேட்பவர் எதிர்பார்ப்பது நான்கைந்து பெயர்களை. அந்தப் பெயர்களை நான் தருவதில்லை. ஒரே பெயர்ப்பலகையின் கீழ் இயங்கும் இரண்டு கிளைகளில் இரண்டு மாஸ்டர்கள் இருப்பார்கள். போன மாதம் தேங்காயை மட்டும் வைத்து அரைத்த சட்னியில் இந்த மாதம் வேறொன்று சேர்ந்திருக்கும். ஆகவே பெயர்களை விட்டுவிட்டு, தமிழ்நாட்டில் நமக்கு எளிதாகக் கிடைக்கும் ஐந்து வகைச் சமையலறைகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். என் மகளுக்கு வேர்க்கடலையும் முந்திரியும் ஆகாது என்று தெரிந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஒன்பது ஆண்டுப் பழக்கமே இந்தக் கட்டுரைக்கு அடிப்படை.

## முதலில், தடை எந்த வகை?

"ஆகாது" என்ற ஒரே சொல்லால் நாம் நான்கு வேறுபட்ட நிலைகளைக் குறிக்கிறோம். உண்மையான ஒவ்வாமையில் உடலின் எதிர்ப்பாற்றல் ஒரு புரதத்தைப் பகையாகக் கருதுகிறது. கரண்டியில் ஒட்டிய துளிகூடச் சிலருக்கு மூச்சுக்குழலை இறுக்கிவிடும். சீலியாக் நோயில் கோதுமை, பார்லி முதலியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைப் புண்ணாக்குகிறது. உடனே மூச்சு அடைக்காது என்றாலும் சிறிய அளவும் தீங்கே. பால் சர்க்கரை செரிக்காதவருக்கு வயிறு உப்பும், ஆனால் ஒரு கரண்டி மோரால் உயிருக்கு ஆபத்து வராது. நான்காவது, வெங்காயம் பூண்டு விலக்குவது போன்ற நம்பிக்கை சார்ந்த விலக்கு.

நம் ஊர்ச் சமையலறைகளுக்கு இந்த நான்காவது நிலை மிக நன்றாகப் புரியும். விரதம் என்றால் சப்ளையர் அடுத்த கேள்வி கேட்பதில்லை. அலர்ஜி என்றால் பிடிக்காது என்பதன் நாகரிகச் சொல்லாக எடுத்துக்கொள்கிறார். இதனால் சிலர் பிள்ளைக்கு ஏதோ வேண்டுதல் என்று பொய் சொல்லிப் பார்க்கிறார்கள். அந்த உத்தி எனக்கு உடன்பாடில்லை. வேண்டுதல் என்று கேட்டவர் பொங்கலின் மேலிருக்கும் முந்திரியை எடுத்துப் போட்டுவிட்டு அதே பொங்கலைக் கொண்டுவந்து வைப்பார். மூச்சு அடைத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும் என்று கேட்டவர்தான் உள்ளே போய் விசாரிப்பார்.

## எவற்றைக் கொண்டு எடைபோடுவது?

முதல் அளவுகோல், சேர்மானம் தெரிந்த ஒருவரிடம் நேரில் பேச முடியுமா என்பது. இரண்டாவது, கல்லும் வாணலியும் எண்ணெயும் எத்தனை பண்டங்களுக்குப் பொது என்பது. மூன்றாவது, இன்று கிடைத்த பதில் அடுத்த வாரமும் செல்லுமா என்பது. நான்காவதாக, வெளியில் தெரியாத செலவு: பணம், காத்திருப்பு, குடும்பத்தில் மற்றவர்களின் பொறுமை. ஐந்தாவதாக, தவறு நேர்ந்தால் அவசரச் சிகிச்சைப் பிரிவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது. சுவையும் சுத்தமும் இந்தப் பட்டியலில் இல்லை. கண்ணாடிபோல் துடைத்த சமையலறையிலும் ஒரே எண்ணெயில் பூரியும் வடையும் பொரியலாம்.

## பல கிளைகள் கொண்ட துரித உணவகங்கள்

சட்டம் நமக்கு ஓரளவு துணை நிற்கும் இடம் இது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள், மத்திய உரிமம் பெற்ற உணவகங்களும் 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருப்பவையும் கலோரி அளவோடு ஒவ்வாமை தரும் பொருள்களைப் பற்றிய தகவலையும் தர வேண்டும் என்கின்றன. குளூட்டன் உள்ள தானியங்கள், இறால் நண்டு வகைகள், பால், முட்டை, மீன், வேர்க்கடலையும் முந்திரி, பாதாம் போன்ற மரக்கொட்டைகளும், சோயா, உணவைப் பதப்படுத்தச் சேர்க்கும் சல்ஃபைட் (கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்குக் குறையாத அளவில்) ஆகிய எட்டும் அந்த விதிமுறைகளின் ஒவ்வாமைப் பட்டியலில் உள்ளன. சேர்மானம் மையக் கிடங்கிலிருந்து வருவதால் கிளைக்குக் கிளை மாறுவதும் குறைவு.

குறை எங்கே என்றால், அந்தப் பட்டியலில் எள் இல்லை, கடுகும் இல்லை. அமெரிக்கா 2023 ஜனவரி முதல் எள்ளைத் தன் பட்டியலில் சேர்த்துவிட்டது. நல்லெண்ணெயும் எள்ளுப் பொடியும் அன்றாடம் புழங்கும் நம் நாட்டில் அது இன்னும் விடுபட்டே இருக்கிறது. எள் ஆகாதவர், இந்த உணவகங்கள் தரும் ஒவ்வாமை அட்டவணையில் குறி இல்லை என்பதை எள் இல்லை என்று படித்துவிடக் கூடாது. ரொட்டியின் மேல் தூவியதைக் கண்ணால் பார்க்கலாம், சாஸில் அரைத்ததைப் பார்க்க முடியாது. மேலும், கவுண்டரில் நிற்கும் இளைஞருக்கு அட்டவணையைத் தாண்டி எதுவும் தெரியாது. உருளைக்கிழங்கு வறுவலும் மாவு தோய்த்த கோழியும் ஒரே எண்ணெயிலா பொரிகின்றன என்ற கேள்விக்கு அவர் ஊகத்தைத்தான் பதிலாகச் சொல்வார்.

முட்டை விஷயத்தில் ஒரு புதிய சிக்கலும் சேர்ந்திருக்கிறது. தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை விதித்தது. முட்டை ஆகாதவர்கள் இதில் நிம்மதியடைந்தார்கள், ஆனால் முட்டையில்லா மயோனைஸில் பால் பொருளோ சோயாவோ சேர்வதுண்டு; பால் ஆகாதவர் புதிதாகக் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

ஒரே ஒரு பொருள், அதுவும் அந்த எட்டில் ஒன்று, ஆகாது என்றால் இந்த வகை நல்ல தேர்வு. வெளியூரில், மொழி தெரியாத இடத்தில், இன்னும் நல்ல தேர்வு.

## நட்சத்திர ஹோட்டலின் உணவகம்

இங்கே ஆர்டர் எடுப்பவரே ஏதேனும் ஒவ்வாமை உண்டா என்று கேட்பது வழக்கமாகிவருகிறது. கேட்டால் தலைமைச் சமையலரே மேசைக்கு வருவார், தனி வாணலியில் செய்து தருவார், முடியாததை முடியாது என்றும் சொல்வார். சீலியாக் நோயாளிக்கும், இரண்டு மூன்று பொருள்கள் ஒருங்கே ஆகாதவருக்கும், நகரத்தில் முதலில் நான் சொல்வது இந்த வகையைத்தான்.

ஆனால் அதே ஹோட்டலின் பஃபே வேறு உலகம். முந்திரி போட்ட வெள்ளைக் குருமாவின் கரண்டி அடுத்த பாத்திரத்துப் பட்டாணிக்குப் போவதை நின்று பத்து நிமிடம் கவனித்தால் கண்ணால் காணலாம். அதைச் செய்பவர் சமையலர் அல்லர், நம்மைப் போன்ற விருந்தினர்தான். ஆகவே ஆர்டர் கொடுத்துத் தனியே செய்யச் சொல்வதற்கு மட்டுமே இந்த வகையைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன். சீன, தாய்லாந்து வகைப் பண்டங்களில் வேர்க்கடலை வெளிப்படையாகவே இருக்கும். சோயா சாஸில் கோதுமை இருப்பது பலருக்குத் தெரியாது.

செலவு விலைப்பட்டியலோடு முடிவதில்லை. அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டல்களின் உணவகத்தில் ஜிஎஸ்டி 18 விழுக்காடு, சாதாரண உணவகத்தில் 5 விழுக்காடு. நான்கு பேர் குடும்பம் மாதம் ஒருமுறைக்கு மேல் தாங்காது.

## சைவ டிபன் ஹோட்டல்

நாம் அதிகம் செல்வதும், அதிகம் ஏமாறுவதும் இங்கேதான். சைவம் என்ற சொல் நமக்குப் பொய்யான நிம்மதியைத் தருகிறது. முட்டை, மீன், இறால் ஆகாதவருக்கு அந்த நிம்மதி பெரும்பாலும் நியாயமானது. பால், கொட்டை, குளூட்டன் ஆகாதவருக்கோ சைவச் சமையலறை அசைவத்தைவிடச் சிக்கலானது.

தோசைக் கல்லையே எடுத்துக்கொள்வோம். மாஸ்டர் கல்லில் தண்ணீர் தெளித்து, துடைப்பத்தால் ஒரு வீச்சு வீசிப் பெருக்கி, அடுத்த மாவை ஊற்றுகிறார். அதே துடைப்பம் சற்று முன் ரவா தோசையின் மைதாக் கலவையையும், அதற்கு முன் நெய் ரோஸ்ட்டின் நெய்யையும் பெருக்கியது. அரிசியும் உளுந்தும் மட்டும் சேர்ந்த தோசை, கல்லை விட்டு எழும்போது கோதுமையும் பாலும் தொட்ட தோசையாகிவிடுகிறது. உளுந்து வடையின் கதையும் அப்படியே. பூரி உதிர்த்த கோதுமை மாவு அடியில் கருகிக் கிடக்கும் எண்ணெயில்தான் அது வேகிறது. ஆவியில் வேகும் இட்லியும் இடியாப்பமும் ஒப்புநோக்கச் சுத்தமானவை, அதே கொப்பரையில் ரவா இட்லி வேகாத வரை.

சாம்பாரிலும் ரசத்திலும் கோதுமை எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். பெருங்காயத்திலிருந்து வரும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு மாவு சேர்ப்பது வழக்கம், அது பல நேரம் மைதா. பொட்டலத்தைப் புரட்டிப் படித்தால் எழுதியிருக்கும். ஆனால் ஹோட்டலில் அந்தப் பொட்டலம் நம் கைக்கு வருவதில்லை.

இனி, எங்கள் வீட்டுப் பகையாளி. கடலை என்ற சொல் தமிழில் எதையும் தீர்மானமாகக் குறிப்பதில்லை. பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை, கடலைப்பருப்பு, கடலை மாவு எல்லாம் வேறொரு செடியான கொண்டைக்கடலையிலிருந்து வருபவை. கடலை எண்ணெயும் கடலை மிட்டாயும் வேர்க்கடலை. வட மாவட்டங்களில் அதுவே மணிலாக்கொட்டை, மல்லாட்டை; கொங்குப் பகுதியில் கடலைக்காய். மகளுக்கு நான்கு வயதாக இருந்தபோது ஒரு டிபன் ஹோட்டலில் சட்னியில் கடலை உண்டா என்று கேட்டேன். சப்ளையர் இல்லை என்றார், பொய்யும் சொல்லவில்லை. அவர் மனத்தில் இருந்தது பழுப்பு நிறத்தில் தனியாக வைக்கும் கடலைச் சட்னி, அது அன்று போடவில்லை. இலையில் இருந்த வெள்ளைச் சட்னியில் தோல் நீக்கிய வேர்க்கடலையைத் தேங்காயோடு அரைத்திருந்தார்கள். தேங்காய் விலை ஏறும் காலங்களில் இப்படி நிரவுவது தொழிலில் சாதாரணம். பார்வைக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டாவது வாயில் அவள் உதடு தடித்தது; ஆட்டோவில் ஏறும்போது இருமத் தொடங்கியிருந்தாள்.

அன்று கற்றது, கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும் என்பது. இது இருக்கிறதா என்று கேட்டால் பழக்கத்தில் இல்லை என்றே பதில் வரும். இந்தச் சட்னியில் என்னென்ன போட்டு அரைத்தீர்கள் என்று கேட்டால் ஒன்று பட்டியல் வரும், அல்லது உள்ளே கேட்டுச் சொல்கிறேன் என்பார். காலை எட்டரை மணிக் கூட்டத்தில் இந்த உரையாடலுக்கு இடமில்லை. பத்தரைக்கு மேல் மாஸ்டரே கல்லாப் பக்கம் வந்து நிற்பார். பல சமையலறைகளில் வேலை செய்வோர் வட மாநிலத்தவர் என்பதால் மூங்ஃபலி (வேர்க்கடலை), காஜு (முந்திரி) என்ற இந்திச் சொற்களையும் நான் சேர்த்தே சொல்கிறேன்.

எண்ணெய் பற்றி ஒன்று. நன்கு சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் ஏறத்தாழ நீங்கிவிடும். மரச்செக்கில் ஆட்டிய எண்ணெயில் அது தங்கும். இங்கே மரச்செக்கு எண்ணெயில் சமைக்கிறோம் என்ற பலகை மற்றவர்களுக்கு அழைப்பு, எங்களுக்கு எச்சரிக்கை.

## சிறிய மெஸ்

பத்துப் பதினைந்து இலை விழும் மெஸ்ஸை யாரும் பாதுகாப்பானதாக நினைப்பதில்லை. அட்டவணை கிடையாது, பயிற்சி கிடையாது. ஆனால் சமைத்தவரே பரிமாறுகிறார், அன்றைக்குச் சமைத்ததும் ஏழெட்டுப் பண்டங்கள்தாம். என் முதல் அளவுகோலில் இதற்கு மிஞ்சிய இடம் இல்லை.

கும்பகோணத்தில் ஒரு மெஸ்ஸில் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். அறுபது வயதை நெருங்கிய அந்த அம்மாள் சட்னிக்கு உடனே பதில் சொன்னார்: தேங்காய், பச்சை மிளகாய், பொட்டுக்கடலை, உப்பு. பொடியைக் கேட்டதும் நின்றுவிட்டார். "பொடி கடையில வாங்கினதும்மா, அதுல என்ன இருக்கோ எனக்குத் தெரியாது. குழந்தைக்கு வேண்டாம், இட்லிக்கு நெய்யும் சர்க்கரையும் தர்றேன்." பிறகு, பொடி தொட்ட கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துவந்தார். தெரியாது என்று சொல்லத் தெரிந்த ஒரு சமையலறை எனக்கு நான்கு அச்சடித்த அட்டவணைகளுக்குச் சமம்.

குறைகளும் உண்டு. அந்த அம்மாள் ஊருக்குப் போன அன்று அவருடைய பதிலும் போய்விடும். புளியோதரை, எலுமிச்சைச் சோறு, எண்ணெய்க் கத்தரிக்காய் மூன்றிலும் வேர்க்கடலை வரலாம், அவற்றை மெஸ்ஸில் முழுவதுமாக ஒதுக்கிவிடுகிறோம். அசைவ மெஸ்ஸில் மீனும் இறாலும் ஒரே கல்லில் வறுபடும். இறால் மட்டும் ஆகாதவர் அங்கே மீன் வறுவலைத் தொடாமல் இருப்பது நல்லது. ஊர்ப்புற மெஸ் என்றால் மருத்துவமனைத் தூரத்தையும் கணக்கிட வேண்டும்.

## செயலி வழியாக வரவழைப்பது

வசதியில் முதலிடம், என் கணக்கில் கடைசி இடம். குறிப்புப் பெட்டியில் வேர்க்கடலை கூடாது என்று எழுதலாம். யார் படித்தார், படித்தாரா என்பது தெரியாது. ஒரே சமையலறை நான்கு பெயர்களில் நான்கு கடைகளாகச் செயலியில் தோன்றுவதும் உண்டு. பிரியாணிக் கடை என்று நாம் நினைப்பதன் அடுத்த அடுப்பில் தாய்லாந்து நூடுல்ஸ் வதங்கிக்கொண்டிருக்கலாம். சட்னிப் பொட்டலம் ஒழுகி இட்லியில் ஊறிவிட்டால் அது மொத்தமும் வீண்.

நேரில் சென்று பலமுறை சாப்பிட்டுப் பழகிய கடையிலிருந்து, தொலைபேசியில் பேசிவிட்டு, ஒழுகக்கூடியது எதுவும் இல்லாத பண்டத்தை வரவழைப்பது மட்டும் இதற்கு விதிவிலக்கு. வீட்டிலேயே சாப்பிடுவதால் மருந்தும் மருத்துவமனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் என்பது இதன் உண்மையான ஆதாயம்.

## ஒரே பார்வையில்

| | துரித உணவகம் | நட்சத்திர ஹோட்டல் | டிபன் ஹோட்டல் | மெஸ் | செயலி |
|---|---|---|---|---|---|
| பதில் சொல்பவர் | அட்டவணை | சமையலர் | சப்ளையர், கூட்டம் இல்லையெனில் மாஸ்டர் | சமைத்தவரே | யாருமில்லை |
| பொதுக் கல், எண்ணெய் | எண்ணெய் பொது | கேட்டால் தனி | இரண்டும் பொது | பண்டம் குறைவு, கலப்பும் குறைவு | தெரியாது |
| அடுத்த வாரமும் செல்லுமா | பெரும்பாலும் | ஓரளவு | இல்லை | ஆள் மாறாத வரை | இல்லை |
| மறைந்த செலவு | எள், கடுகு விடுபடுதல் | வரி, பஃபே ஆசை | ஒவ்வொரு முறையும் விசாரணை | தேர்வுக்கு இடமின்மை | வீணாகும் பொட்டலம் |
| யாருக்குப் பொருந்தும் | பட்டியலில் உள்ள ஒரு பொருள் ஆகாதவர் | சீலியாக், பல ஒவ்வாமைகள் | முட்டை, மீன் ஆகாதவர். பால் செரிக்காதவர் | கொட்டை ஆகாதவர் | பழகிய கடை இருப்பவர் |

## அந்தக் கும்பகோணப் பயணத்துக்கு

கேட்டவருக்கு என் பதில் இதுதான். நெடுஞ்சாலையில் பேருந்துகள் நிற்கும் பயணவழி உணவகங்களில் வாழைப்பழமும் கண் முன்னே உரிக்கும் இளநீரும் போதும். ஐந்து அளவுகோல்களில் ஒன்றில்கூட அந்த உணவகங்கள் தேறுவதில்லை. போகும் வழிக்கு வீட்டுத் தயிர்ச்சோறு கட்டிக்கொள்ளுங்கள், புளியோதரைதான் வேண்டுமென்றால் வேர்க்கடலை போடாமல் கிளறுங்கள். ஊரில் முதல் நாள் பதினொன்றரை மணிக்கே ஒரு மெஸ்ஸைத் தேடிப் பேசிவைத்து, ஒத்துவந்தால் மூன்று நாளும் அங்கேயே சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்கு இரண்டாம் நாளே அலுக்கும், அதுவும் செலவுக் கணக்கில் சேர்ந்ததே. மெஸ் அமையாவிட்டால் அட்டவணை கொடுக்கும் துரித உணவகம், அதுவும் இல்லையென்றால் டிபன் ஹோட்டலில் சட்னி, பொடி இல்லாமல் இட்லி.

கடும் ஒவ்வாமைக்கு உடனே போடும் அட்ரினலின் ஊசியை மருத்துவர் எழுதிக்கொடுத்திருந்தால் அது காரின் டிக்கியில் அல்ல, சாப்பாட்டு மேசையில் இருக்க வேண்டும். செட்ரிசின் போன்ற மாத்திரைகள் அரிப்பைத் தணிக்கும், மூச்சுத்திணறலை நிறுத்தா. மூச்சு இழுக்கத் தொடங்கினால் ஊசி போட்டுவிட்டு 108ஐ அழைக்க வேண்டும். பெரும்பாலான எதிர்வினைகள் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும் என்பதால், புதிய இடத்தில் சாப்பிட்டவுடன் ஆள் நடமாட்டமில்லாத சாலையில் நீண்ட பயணம் கிளம்புவதை நாங்கள் தவிர்க்கிறோம்.

கடைசியாக, எங்கள் பையில் எப்போதும் இருக்கும் அட்டையின் வாசகத்தைத் தருகிறேன், விருப்பம்போல் மாற்றி எடுத்துக்கொள்ளலாம்: "இந்தப் பிள்ளைக்கு வேர்க்கடலை, மணிலாக்கொட்டை, மூங்ஃபலி என்று சொல்லப்படுவதும், முந்திரியும் கொஞ்சம் பட்டாலும் மூச்சு அடைக்கும். சட்னி, பொடி, குருமா, எண்ணெய் இவற்றில் என்ன சேர்ந்திருக்கிறது என்று மாஸ்டரிடம் கேட்டுச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், நாங்கள் வேறு ஏதாவது சாப்பிட்டுக்கொள்கிறோம்." இதன் பின்புறத்தில் இதே வாசகம் இந்தியில் இருக்கிறது. சப்ளையரிடம் அல்லாமல் கல்லாவில் இருப்பவரிடம் கொடுத்தால் அட்டை உள்ளே போய்த் திரும்பி வருகிறது, பெரும்பாலும் எண்ணெய்க் கையின் தடத்தோடு.